எடின்பரோ குளிரில் ஊர் சுற்றுவது எப்படி? நீலகிரியிலிருந்து படிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் கோத்தகிரிக்காரி. ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் ஒரு வருட முதுகலை முடித்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது குன்னூரில் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் கதவோரம் நின்று பிள்ளைகள் கேட்பதும், வெளியே காத்திருக்கும் அம்மாக்கள் கேட்பதும் வருடாவருடம் ஒரே கேள்விகள்தான். படிப்பு, விசா பற்றி அல்ல. அங்கே போய் குளிரில் எப்படி வெளியே நடமாடுவது என்பது பற்றி. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கா, நாங்க மலைக்காரங்க. குளிரைப் பத்தி எங்களுக்கே பாடமா?

பாதி சரி. எடின்பரோவில் ஜனவரி பகலில் சுமார் 7 டிகிரி, இரவில் 1 அல்லது 2. எண்ணை மட்டும் பார்த்தால் தலைகுந்தாவில் புல்மேல் உப்புக் கொட்டியதுபோல உறைபனி படரும் காலை அதைவிட மோசம். ஆனால் நம் ஊரில் பத்து மணிக்கு வெயில் வந்துவிடும். மதியம் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்போம். அங்கே அந்தப் பத்து மணி வெயில் வராது. காலையில் இருந்த குளிர் மதியமும் அப்படியே இருக்கும், கூடவே கடல் காற்று. ஒப்பிட வேண்டுமென்றால் ஊட்டி டிசம்பரோடு ஒப்பிடாதீர்கள். ஜூலை மாத நடுவட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: சாரல், காற்று, காயாத துணி. அதை நவம்பரிலிருந்து மார்ச் வரை இழுத்துவிட்டால் எடின்பரோ.

இன்னொன்று, நாம் யாருமே எதிர்பார்க்காதது: இருட்டு. ஊட்டி பூமத்திய ரேகையிலிருந்து பதினொன்றரை டிகிரி வடக்கே. எடின்பரோ ஏறக்குறைய 56 டிகிரி. டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் எட்டே முக்காலை ஒட்டி எழுந்து, மூன்றே முக்காலுக்குள் விழுந்துவிடும். நம் ஊரில் வருடத்தின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரம், அங்கே ஏழு. முதல் டிசம்பரில் நாலு மணிக்கு வகுப்பிலிருந்து வெளியே வந்தேன். தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டோம் என்று ஒரு நொடி நிஜமாகவே பதறிப்போனேன். அதனால் நான் சொல்லும் முதல் விஷயம் ஸ்வெட்டர் அல்ல, கடிகாரம். ஊர் பார்ப்பதென்றால் காலை பத்திலிருந்து மூன்றுக்குள்.

ஸ்வெட்டர், ஜாக்கெட்டெல்லாம் இங்கயே வாங்கிட்டுப் போயிடலாமா?

உள்ளே போடும் தெர்மல் இரண்டு செட், ஊட்டியில் வாங்கிய நல்ல கம்பளி ஸ்வெட்டர் இரண்டு, குல்லா, மப்ளர். இவ்வளவு போதும். மேல் ஜாக்கெட்டை அங்கே வாங்குங்கள், பெட்டியில் இடம் மிச்சம். எடின்பரோவில் தர்ம அமைப்புகள் நடத்தும் பழைய துணிக்கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நிகல்சன் ஸ்ட்ரீட், ஸ்டாக்பிரிட்ஜ் பக்கம் ஒரு மதியம் ஏறி இறங்கினால் நல்ல ஜாக்கெட் கிடைக்கும். பழசு போடுவதா என்று அம்மா முகம் சுளிப்பார். அவரிடம் விலையை மட்டும் சொல்லுங்கள்.

ஜாக்கெட்டில் பார்க்க வேண்டியது கனம் அல்ல. காற்றும் தண்ணீரும் உள்ளே புகாமல் இருக்க வேண்டும். நாம் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுப் பழகியவர்கள். கம்பளி எத்தனை போட்டாலும் காற்று புகுந்து போய்விடும். ஜீன்ஸ் நனைந்தால் மாலைவரை காயாது. ஷூவுக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். பழைய நகரம் முழுக்கக் கல் பதித்த சரிவுகள், நனைந்தால் வழுக்கும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி படிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

குடை?

வேண்டாம். நான் கொண்டுபோன குடை வந்த மூன்றாவது நாள் நார்த் பிரிட்ஜ் நடுவில் மேல்நோக்கி மலர்ந்தது. பாலத்தின் முனையில் இருந்த குப்பைத்தொட்டியில் ஏற்கெனவே இரண்டு குடைகள் கிடந்தன. தலையை மூடும் ஹூட் வைத்த ஜாக்கெட்தான் குடை.

அப்போ மழை ரொம்ப பெய்யுமா?

அளவில் பார்த்தால் இல்லை. வருடத்துக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான்; நம் தேவாலா மழையில் கால் பங்குகூட வராது. ஆனால் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை அல்ல அது, தூறிக்கொண்டே இருப்பது. அந்த மாதிரி சாம்பல் பூத்த, ஈரமான, எழுந்திருக்கவே பிடிக்காத நாளுக்கு அந்த ஊர்க்காரர்கள் 'ட்ரீஹ்' என்று ஒரே சொல் வைத்திருக்கிறார்கள். வானிலையைத் திட்டிக்கொண்டே வெளியே கிளம்பிவிடுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மழை விடட்டும் என்று உட்கார்ந்தால் மார்ச் வந்துவிடும்.

ஸ்னோ எப்போ விழும்? போட்டோ எடுக்கணும்.

தமிழில் பனி என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம், அதனால் வரும் குழப்பம் இது. எடின்பரோ கடலோர நகரம். குளிர்காலத்தில் வானத்திலிருந்து விழுவது பெரும்பாலும் மழைதான். வெண்பனி சில நாள் விழும், பெரும்பாலும் மறுநாளே சேறாகிவிடும். 2018 பிப்ரவரி கடைசியில் வந்ததுபோல நகரமே முடங்கும் அளவுக்கு விழுவது அபூர்வம். விழுந்தால் அன்று காலையே வேலையை விட்டுவிட்டு ஓடுங்கள். பிரின்சஸ் ஸ்ட்ரீட் தோட்டமும் மேலே கோட்டையும் அப்படி ஒரு அழகு.

வெண்பனியில் நடந்தே ஆக வேண்டும் என்றால் நகரப் பஸ்ஸிலேயே பென்ட்லண்ட் குன்றுகளின் அடிவாரத்துக்குப் போகலாம். இன்னும் வேண்டுமென்றால் ரயிலில் சுமார் மூன்று மணி நேரம் வடக்கே ஏவிமோர் என்ற மலையூர். அங்கே பழக்கமில்லாமல் தனியாக மலையேற வேண்டாம். ஏன் என்பது பின்னால் ஆர்தர்ஸ் சீட் என்ற குன்றைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

ஊர் சுத்தறதுக்கு நிறைய செலவாகுமா அக்கா? ஃபீஸ் கட்டவே கடன் வாங்கியிருக்கோம்.

இந்த விஷயத்தில் எடின்பரோ நல்ல ஊர். சேம்பர்ஸ் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. தேசிய ஓவியக் கூடங்களின் நிரந்தரக் காட்சிகளும், பழைய நகரத்தின் முக்கியத் தெருவான ராயல் மைலில் ஒரு சந்துக்குள் இருக்கும் எழுத்தாளர் அருங்காட்சியகமும், அரச தாவரவியல் பூங்காவும் அப்படியே. கோட்டைக்கு மட்டும் நல்ல விலையில் டிக்கெட். அதை ஊரிலிருந்து யாராவது பார்க்க வரும்போது வைத்துக்கொள்ளலாம்.

இலவசம் என்பதை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. டிக்கெட் வாங்கியதுபோல ஒரே நாளில் எல்லா அறையையும் ஓடி ஓடிப் பார்க்கிறோம். நான் அந்த அருங்காட்சியகத்துக்கு எத்தனை முறை போனேன் என்பதற்குக் கணக்கில்லை. சில நாள் கண்ணாடிக் கூரை போட்ட அந்தப் பெரிய கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கையைச் சூடாக்கிக்கொள்ள மட்டும். சில நாள் மொட்டை மாடிக்கு ஏறி ஊரைப் பார்க்க. வெளியே அரை மணி நேரம் நடை, உள்ளே இருபது நிமிடம் சூடு, மறுபடி நடை. குளிர்காலத்தில் அந்த ஊரைப் பார்க்கும் முறை இதுதான்.

பஸ்ஸா, டிராமா, நடையா?

முதலில் நடை. நகரத்தின் நடுப்பகுதி முழுவதையும் அரை நாளில் நடந்து கடந்துவிடலாம். பஸ்ஸில் கார்டைத் தட்டினால் போதும். எத்தனை முறை ஏறினாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கட்டணம் நின்றுவிடும். காசாகக் கொடுத்தால் சரியான சில்லறை வேண்டும், மீதி தரமாட்டார்கள். டிராம் விமான நிலையத்திலிருந்து 2023 முதல் நியூஹேவன் கடற்கரைவரை போகிறது.

22 வயது ஆகாதவர்கள் கவனியுங்கள்: ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2022 ஜனவரி முதல் பஸ் இலவசம். அதற்கான அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதுகலைக்குப் போகிறவர்கள் பலர் இந்த வயதைத் தாண்டியிருப்பார்கள், எனக்கும் அப்படித்தான் போனது.

அவங்க பேசற இங்கிலீஷ் புரியுமா?

இரண்டு வாரம் புரியாது. அப்புறம் புரியும். 'வீ' என்றால் சின்னது, 'ஐ' என்றால் ஆமாம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்ல மறக்காதீர்கள், எல்லோரும் சொல்வார்கள்.

மேப் 'வந்துட்டீங்க'ன்னு காட்டுது, ஆனா இடத்தைக் காணோம். ஏன்?

படிக்கப் போன பையன் ஒருவன் அங்கிருந்தே அழைத்துக் கேட்டது இது. எனக்கும் நடந்திருக்கிறது. ஜார்ஜ் ஃபோர்த் பிரிட்ஜ் என்ற தெருவில் நான் நிற்கிறேன். வகுப்புத் தோழி 'நானும் அங்கேதான் நிற்கிறேன்' என்கிறாள். இரண்டு போனிலும் ஒரே புள்ளி. இருபது நிமிடம் இப்படியே போனது. கடைசியில் கைப்பிடிச் சுவர்மேல் எட்டிப் பார்த்தால் பல அடி கீழே இன்னொரு தெருவில், கவ்கேட்டில், அவளுடைய சிவப்புக் குல்லா.

விஷயம் இதுதான்: பழைய எடின்பரோ இரண்டு அடுக்கு ஊர். பள்ளத்தின்மேல் பாலம் கட்டி, பாலத்தின் இரு பக்கமும் கட்டடம் எழுப்பி, பாலத்தையே தெருவாக்கிவிட்டார்கள். 1788இல் திறந்த சவுத் பிரிட்ஜுக்கு 19 வளைவுகள். வெளியே தெரிவது ஒன்றே ஒன்று, மற்றவை கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. பாலத்தில் நடக்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. ஒன்று சொல்ல வேண்டும், சமவெளிப் பிள்ளைகளைவிட நமக்கு இது சீக்கிரம் பிடிபடும். கீழ் குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே போக ரோட்டைச் சுற்றுவோமா, படிக்கட்டில் ஏறுவோமா? அங்கேயும் அதேதான். 'க்ளோஸ்' என்று பெயர்ப்பலகை இருக்கும் இடுக்குச் சந்துகளில் படி இருக்கும். மேல்தெருவா கீழ்த்தெருவா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஆர்தர்ஸ் சீட் வெறும் 251 மீட்டராமே? நாங்க தொட்டபெட்டாவையே பார்த்தவங்க.

தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். ஆனால் அதன் உச்சிக்கு நாம் ஜீப்பில் போனோம். ஆர்தர்ஸ் சீட் அணைந்துபோன எரிமலையின் மிச்சம், ஏறக்குறைய 34 கோடி ஆண்டுப் பழசு. நகரத்துக்குள்ளேயே நிற்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். உயரம் பிரச்சினை இல்லை. உச்சியில் பாறை ஆயிரக்கணக்கான கால்கள் பட்டு வழவழவென்று தேய்ந்திருக்கிறது. காற்று வேகமாக அடிக்கும் நாளில் அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது. உட்கார்ந்து நகர்ந்து இறங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

டிசம்பரில் ஏறுவதென்றால் பன்னிரண்டு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது. டன்சபி ஏரிப் பக்கமிருந்து ஏறும் வழி சரிவு குறைந்தது. வடக்கே போகப் போக மலைகள் உயரம், பகல் இன்னும் சின்னது, வெண்பனியில் பாதை மறைந்துவிடும். அதனால்தான் ஏவிமோர் பக்கம் தனியாக வேண்டாம் என்றேன்.

மலையைவிட ஆபத்தான ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன்: கிராமண்ட் தீவு. கடல் வற்றும்போது கரையிலிருந்து தீவுக்குக் கல்பாதை தெரியும், நடந்து போகலாம். கடல் ஏறினால் பாதை மூழ்கிவிடும். நாம் மலையில் வளர்ந்தவர்கள், கடல் ஏறி இறங்கும் கணக்கு நம் ரத்தத்தில் இல்லை. கரையில் அன்றன்றைய பாதுகாப்பான நேரம் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் காலை வைக்காதீர்கள்.

கால் விரல் செவந்து வீங்கி அரிக்குது. செருப்பு கடிச்சிருக்குமோ?

குளிரில் விறைத்த காலை நேராக ஹீட்டர்மேல் வைத்திருப்பீர்கள். விறைத்த விரல் சட்டென்று சூடேறினால் இப்படி வீங்கி அரிக்கும். சாக்ஸை மாற்றி, கம்பளிக்குள் கால் மெதுவாகச் சூடாகட்டும். பொதுவாகத் தானே ஆறிவிடும். புண்ணானால் டாக்டரிடம் போங்கள். விசாவோடு மருத்துவக் கட்டணமும் கட்டியிருப்பீர்கள் என்பதால் போன முதல் வாரமே பக்கத்து டாக்டரிடம் பெயர் பதிந்துவிடுங்கள். ஸ்காட்லாந்தில் டாக்டர் எழுதித் தரும் மருந்துக்கும் காசு கிடையாது.

போன் பேட்டரியும் குளிரில் சட்டென்று இறங்கும். ஜாக்கெட்டின் வெளிப் பையில் வைக்காமல் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள்.

ஏம்மா, மூணே முக்காலுக்கே இருட்டுதுங்கற. பொண்ணு தனியா நடந்து வருவாளா?

வருவாள் அம்மா. நாலு மணி இருட்டு வேறு, நள்ளிரவு வேறு. நாலு மணிக்குத் தெருவெல்லாம் ஜனம். கடை, ஆபீஸ் எல்லாம் அப்போது திறந்தே இருக்கும். பல்கலைக்கழகத்தை ஒட்டி மெடோஸ் என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. மாலையில் விளக்குள்ள பாதையில் எல்லோரும் போவார்கள், நானும் போயிருக்கிறேன். ராத்திரி வெகுநேரம் ஆனால் அதன் நடுவே குறுக்கே வராமல் ரோட்டோரமாகச் சுற்றி வருவேன். இரவு பஸ்ஸும் உண்டு. குன்றுகளில் மட்டும் இருட்டிய பிறகு யாரும் இருக்க வேண்டாம், பையன்களும்தான். அவசரத்துக்கு 999.

கிறிஸ்துமஸ் லீவுல எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்களாமே. நான் என்ன செய்யறது?

டிசம்பர் 25 அன்று ரயில் ஓடாது, கடைகள் அடைத்திருக்கும், அருங்காட்சியகமும் மூடல். முந்தின நாளே அரிசி, பால், முட்டை வாங்கி வையுங்கள். அன்று நான் டீன் வில்லேஜில் இறங்கி, லீத் ஆற்றங்கரைப் பாதையில் கடல்வரை நடந்தேன். எதிரே வந்த ஏழெட்டுப் பேரும், நாயும் உட்பட, வாழ்த்துச் சொன்னார்கள். விடுதியில் தங்கிவிட்ட மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து சமைத்தால் அன்றைய பொழுது போய்விடும்.

வீட்டிலிருந்து என்ன கொண்டுபோகலாம் என்றும் இதோடு கேட்பார்கள். தேயிலை, பொடி வகைகள் சரி. பாலில் செய்ததும் இறைச்சியும் கூடாது, பால்கோவா டப்பா விமான நிலையத்தோடு போய்விடும்.

ஜனவரில எதுவுமே பிடிக்கலை, அழுகை அழுகையா வருதுன்னு என் ஃப்ரெண்டு சொல்றா. நிஜமா குளிரா காரணம்?

குளிரைவிட வெளிச்சம் இல்லாததுதான் என்று நினைக்கிறேன். தூங்கி எழுந்து இருட்டில் வகுப்புக்குப் போய் இருட்டில் திரும்பினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். அங்குள்ள அரசு மருத்துவத் துறையே இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கலாம் என்கிறது. நம்மைப் போன்ற கருந்தோல்காரர்களுக்கு அது இன்னும் அவசியம். எல்லா மருந்துக்கடையிலும் மலிவாகக் கிடைக்கும். வாரக்கணக்கில் நீடித்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது மதிய நடை. நான் ஒன்றைப் பழக்கமாக்கிக்கொண்டேன். கோட்டையில் தினமும் மதியம் ஒரு மணிக்கு பீரங்கி வெடிப்பார்கள். ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் மட்டும் இல்லை. லீத் துறைமுகத்துக் கப்பல்கள் நேரம் சரிபார்ப்பதற்காக 1852இல் கால்டன் குன்றின் கோபுரத்தில் விழும் பந்து ஒன்றை வைத்தார்கள். மூடுபனியில் பந்து தெரியவில்லை, அதனால் 1861இல் பீரங்கி. பனி மூடினால் ஒலிதான் வழி என்பது கோத்தகிரி ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே வளைவு திரும்புகிற நமக்குப் புரியும். அந்தச் சத்தம் கேட்கும்போது நான் வெளியே இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். படிப்பு பாக்கி இருந்தாலும் கால் மணி நேரம். அக்டோபர் கடைசி ஞாயிற்றிலிருந்து நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். இருட்டு விழுந்து நாலரைக்கு வீட்டுக்குப் பேசினால் இங்கே ராத்திரி பத்து, அம்மா தூங்கியிருக்கமாட்டார்.

மூடுபனி, குன்று, தேவாலயம், தோட்டம்... எல்லாம் ஊட்டியிலயே இருக்கே. அங்க போய் புதுசா என்ன பார்க்கறது?

கேலியாகக் கேட்டான் ஒரு பையன். எனக்கோ இதுதான் எல்லாவற்றிலும் நல்ல கேள்வி. மூடுபனியே ஒன்றல்ல. நம்முடையது பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறி வருவது. அங்கே 'ஹார்' என்பது வட கடலிலிருந்து தரையோடு தரையாக நகர்ந்து வரும், அதுவும் பெரும்பாலும் வசந்தத்திலும் கோடையிலும்.

அப்புறம் தோட்டம். ராபர்ட் வைட் என்ற மருத்துவர் எடின்பரோவில் படித்துவிட்டு சென்னை மாகாணத்துக்கு வந்து, நீலகிரிச் செடிகளையெல்லாம் சேகரித்தவர். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம் நாட்டு ஓவியர்கள். அவர்கள் கைபட்ட படங்களின் பெரும் தொகுப்பு அந்தத் தாவரவியல் பூங்காவின் காப்பகத்தில் இருக்கிறது. எழுத்தாளர்கள், அறிஞர்கள் என்று யார் யார் பெயரோ கல்லில் பொறித்திருக்கும் ஊரில் எனக்கு நினைவில் நின்ற பெயர்கள் இவை இரண்டும்.

ஆர்தர்ஸ் சீட் ஏறும்போது முட்புதர் ஒன்றைப் பார்ப்பீர்கள், குளிர்காலத்திலும் அங்கங்கே மஞ்சள் பூ இருக்கும். கோர்ஸ். ஊட்டியைச் சுற்றி நம் புல்வெளிகளில் ஊடுருவி நிற்கும் அதே செடி. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து வைத்தது, இன்று வேண்டாத செடி. இங்கே அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அங்கே அது தன் சொந்த மண்ணில், காற்றுக்குப் பணிந்து, பாறையிடுக்கில் அடக்கமாக இருக்கிறது. முள்ளைப் பார்த்துக் குனிந்து பூவை முகர்ந்து பாருங்கள், தேங்காய் வாசனை. ஊரில் இத்தனை வருடம் அதைத் தாண்டிப் போயும் நான் முகர்ந்ததில்லை.

டிசம்பர்ல ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைதான் ஃப்ரீ, மழை வேற. எங்க போகலாம்?

பத்து மணிக்கு அருங்காட்சியகம், திறக்கும்போதே. ஒன்றரை மணி நேரம் போதும், மீதி இன்னொரு நாளைக்கு. பன்னிரண்டுக்கு வெளியே வந்து ஏதாவது ஒரு க்ளோஸ் வழியாக ராயல் மைலைத் தாண்டி மவுண்ட் சரிவில் இறங்கி ஓவியக் கூடம். பிளாஸ்கில் டீ இருந்தால் கடைக்குக் கொடுக்கும் காசு மிச்சம். ஞாயிறு என்பதால் பீரங்கிக்குக் காத்திருக்காதீர்கள். இரண்டரைக்கு பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் கிழக்கே நடந்தால் ரயில் நிலையத்தின் மேல் பால்மோரல் ஹோட்டல் மணிக்கூண்டு. ரயிலைத் தவறவிடக் கூடாதென்று அதை வேண்டுமென்றே மூன்று நிமிடம் முந்த வைத்திருக்கிறார்கள், உங்கள் கடிகாரத்தைத் திருத்திவிடாதீர்கள்.

அங்கிருந்து கால்டன் குன்று பத்து நிமிட நடை, படிக்கட்டு கொஞ்சம்தான். மூன்றேகாலுக்கு மேலே இருங்கள். நம் ஊரில் சூரியன் விழுந்தால் சட்டென்று இருட்டிவிடும். அங்கே முக்கால் மணி நேரம் நீல வெளிச்சம் நிற்கும். அந்த வெளிச்சத்தில் கீழே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்துவிட்டு, முழுக்க இருட்டும் முன் இறங்குங்கள். லீத் ஸ்ட்ரீட்டில் பஸ் நிற்கும்.